அழிக்கும் கருவியும் அதன் குறிப்பும்

சென்னைக்கு மேற்கே, பாடிக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்த ஊர் அம்பத்தூர். ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த அவ்வூர், 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டி. ஐ. சைக்கிள்ஸ் முதலிய ஆலைகளாலும், 1964ஆம் ஆண்டில் அரசு அமைத்த தொழிற்பேட்டையாலும் தொழில் நகரமாக வளர்ந்தது. பேட்டையின் தெருக்களில் நடப்போர் செவியில், கடைசற்பொறிகளின் இரைச்சலுக்கு இடையே, ‘தடால், தடால்’ என்று ஓர் ஒலி சீராக வந்து விழும். அது ‘பிரஸ்’ என்று தொழிலாளர் வழங்கும் அழுத்துபொறியின் ஒலியாகும்.

அழுத்துபொறியின் வேலை மிக எளியது. கீழே ஓர் அச்சு; மேலே ஓர் அச்சு; இரண்டிற்கும் நடுவே ஓர் இரும்புத் தகடு. மேலச்சு விசையுடன் இறங்கி எழுந்தால், தகடு வளைவாகவோ துளையுடனோ உருப்பெற்று வெளிவரும். பொறியின் பக்கத்தில் பெரிய சக்கரம் ஒன்று ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். தொழிலாளி விசையை அழுத்தியதும், அச்சக்கரத்தோடு தண்டு இணைந்து மேலச்சைக் கீழே இறக்கும். பழைய வகைப் பொறிகளில், ஒருமுறை இணைந்த தண்டு முழுச்சுற்றும் சுற்றி முடித்த பின்னரே நிற்கும். இடையில் எவராலும் அதனை நிறுத்த இயலாது. தகட்டைச் சரிசெய்ய நீட்டிய விரல் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருப்பதைத் தொழிலாளி கண்டுகொண்டாலும், கண்டதனால் பயன் ஒன்றுமில்லை.

இத்தீங்கைத் தடுக்கும் வழி யாது? ‘கை பத்திரம்’ என்று சுவரில் எழுதி வைப்பது ஒரு வழி. எழுதி வைத்த பட்டறைகளிலும் விரல்கள் போயின. ஆதலால் பொறியாளர் வேறொரு வழி கண்டனர். பொறியை இயக்க ஒரு விசைக்கு மாறாக இரண்டு விசைகளை அமைத்து, அவற்றை ஒரு கைக்கு எட்டாத தொலைவில் பிரித்து வைத்தனர். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலச்சு இறங்கும். இரு கைகளும் விசைகளின்மேல் இருக்கும்பொழுது, அச்சுகளுக்கு நடுவில் வைக்கக் கை ஏது? இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், தன் 21ஆம் பிரிவில், பொறிகளின் ஆபத்தான உறுப்புகளுக்கு உறுதியான காப்புவேலி அமைக்க வேண்டும் என்று விதித்தது. எச்சரிக்கைப் பலகையே போதும் என்று அச்சட்டம் கூறவில்லை.

இப்பொழுது அதே பேட்டையில், பட்டறைகளுக்கு அருகிலேயே, கண்ணாடிச் சுவர்களையுடைய பல மாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. அவற்றுள் இரும்புத் துகள் இல்லை. எண்ணெய் நாற்றம் இல்லை. கணினிகளின் முன்னே இளைஞர் அமர்ந்து மென்பொருள் தொழில் புரிகின்றனர். மென்பொருள் உலகிலும் இறங்கினால் இடையில் நில்லாத அச்சுகள் உண்டு. ஒரு பணித்திட்டத்தையே முழுமையாக அழிக்கும் கருவி அவற்றுள் ஒன்று. இந்நாளில் அக்கருவியை இயக்குவது எப்பொழுதும் மனிதன் கையன்று. செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் மென்பொருளும் அதனை இயக்குகின்றது. கையே இல்லாத அம்முகவருக்கு இரு கை விசையை எவ்வாறு அமைப்பது?

பணித்திட்டம் என்பது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அத்தொழிற்சாலையிலிருந்துதான் 1965ஆம் ஆண்டில் ‘விஜயந்தா’ என்னும் டாங்கி வெளிவந்தது. இத்தகைய பெரிய ஆலைக்குச் சிறிய உறுப்பு ஒன்றைச் செய்து தரும் வேலையை அம்பத்தூர்ப் பட்டறை ஒன்று ஏற்றுக்கொண்டதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். இரும்பு வாங்குதல், அச்சு செய்தல், மாதிரி உறுப்பைக் காட்டி ஒப்புதல் பெறுதல், கடைதல், துளையிடுதல், அளந்து பார்த்தல், அனுப்புதல் என்று அவ்வேலை நூற்றுக்கு மேற்பட்ட சிறு பணிகளாகப் பிரியும். ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பாளர் ஒருவர்; முடிக்க வேண்டிய நாள் ஒன்று. செய்தவர் எத்தனை மணி நேரம் செய்தார் என்ற குறிப்பும், அளந்தவர் எழுதிய கருத்துரையும், வரைபடங்களும் அப்பணியோடு இணைந்திருக்கும். முற்காலத்தில் பேரேட்டில் எழுதப்பட்ட இவை யாவும், இன்று பணி மேலாண்மை மென்பொருளில் பதியப்படுகின்றன. தமிழ்நாட்டில் வளர்ந்த சோகோ நிறுவனம் 2006ஆம் ஆண்டு முதல் அளித்துவரும் ‘சோகோ புராஜெக்ட்ஸ்’ இவ்வகையைச் சார்ந்ததே.

ஆகவே பணித்திட்டம் என்பது ஒரு பெயரன்று, ஒரு மரம். பெயர் அதன் அடிமரம். பணிகள் கிளைகள், துணைப்பணிகள் சிறு கிளைகள், கருத்துரைகளும் கோப்புகளும் நேரக் குறிப்புகளும் இலைகள். அடியை வெட்டினால் அனைத்தும் விழும். மேலதிக நேரம் உழைத்த தொழிலாளியின் கூலிக்குச் சான்று அந்த நேரக் குறிப்பு. பிற்காலத்தில் உறுப்பு ஒன்று முறிந்தால், அதனை அளந்து பார்த்தவர் யார், அளவு என்ன என்று காட்டுவது அந்தக் கருத்துரை. திட்டம் அழிந்தால் இவையும் உடன் அழியும்.

இனி, முகவர் என்பது எவ்வாறு இயங்குகின்றது என்று காணலாம். மனிதர் எழுதிய ஏராளமான நூல்களையும் எழுத்துகளையும் கொண்டு பயிற்றப்பட்ட மொழி மாதிரி ஒன்று அதன் அறிவாக நிற்கின்றது. அம்மாதிரி தானாக ஒரு கோப்பையும் தொடாது. அதற்குக் கருவிகள் அளிக்கப்படல் வேண்டும். ‘பணியைச் சேர்’, ‘பணியைத் தேடு’, ‘திட்டத்தை அழி’ என்பன அத்தகைய கருவிகள். அவற்றை முகவருக்கு அறிமுகம் செய்யும் பொது நெறி ஒன்றை, ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பெயரால், ஆந்த்ரோபிக் என்னும் நிறுவனம் 2024ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. அந்நெறியின்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், அது வேண்டும் உள்ளீடுகளின் பட்டியலும், அதனைப் பற்றிய விளக்கக் குறிப்பும் தரப்படுகின்றன.

அக்கருவியைப் பற்றி முகவர் அறிவது இவற்றைக் கொண்டே. கருவியின் உள்ளே எழுதப்பட்டுள்ள நிரலை அது காண்பதில்லை. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த சிறுவன், விசையைத் தொடுமுன் மேஸ்திரியின் முகத்தைப் பார்ப்பான். அவர் புருவம் சுருங்கினால் கையை எடுத்துக்கொள்வான். முகவருக்குப் பார்ப்பதற்கு முகம் இல்லை. குறிப்பு ஒன்றே உண்டு.

‘திட்டத்தை நீக்கும்.’ பல கருவிகளுக்கு இவ்வளவே குறிப்பாக எழுதப்படுவதுண்டு. பிழையான வாக்கியம் என்று இதனைக் கூற இயலாது. ஆயினும் இது எத்துணைத் தீங்கை வருவிக்கும் என்பதை மேற்கூறிய பட்டறையிலேயே காணலாம். உறுப்புகள் யாவும் அனுப்பப்பட்டுவிட்டன. முதலாளி மகிழ்ச்சியோடு, ‘அந்த ஆவடி வேலையை முடித்துவிடு’ என்று முகவரிடம் கூறுகின்றார். அவர் கருதியது யாது? கணக்கை நிறைவு செய்து, திட்டத்தைக் கண்முன் நில்லாதவாறு காப்பகத்தில் வைக்க வேண்டும் என்பதே. முகவரிடம் இருப்பவையோ ‘திட்டத்தைச் சேர்’, ‘திட்டத்தை நீக்கு’ என்னும் இரண்டு கருவிகள். முடித்தலுக்கு அண்மையில் நிற்பது நீக்குதல். அச்சு இறங்கிவிடுகின்றது.

இங்கே தமிழ் வழக்கின் இயல்பையும் எண்ணிப் பார்த்தல் தகும். ‘முடிந்தது’ என்னும் சொல் நிறைவையும் குறிக்கும்; அழிவையும் குறிக்கும். ‘விளக்கை அணை’ என்னாது ‘விளக்கைக் குளிரவை’ என்பது மங்கல வழக்கு என்று இலக்கணம் கூறும். தட்டார், வணிகர் முதலிய ஒவ்வொரு கூட்டத்தாரும் தமக்குள் வழங்கும் குழூஉக்குறிகளும் உண்டு. பட்டறையிலோ, ‘எடுத்துவிடு’, ‘தூக்கிவிடு’, ‘மூடிவிடு’, ‘கழித்துவிடு’ என்று நாள்தோறும் ஒரே பொருளில் பல சொல்லும், ஒரே சொல்லில் பல பொருளும் வழங்குகின்றன. உடன் வேலை செய்வோருக்கு இடமும் காலமும் பொருளை உணர்த்திவிடும். அந்த இடத்தையும் காலத்தையும் அறியாத முகவருக்கு, எச்சொல் எக்கருவிக்கு உரியது என்று குறிப்பே உணர்த்த வேண்டியுள்ளது.

அவ்வாறாயின் நல்ல குறிப்பு எவ்வாறு அமையும்? பின்வருவது ஒரு மாதிரி.

‘இக்கருவி ஒரு பணித்திட்டத்தையும், அதனுள் அடங்கிய பணிகள், துணைப்பணிகள், கருத்துரைகள், கோப்புகள், வேலைநேரக் குறிப்புகள் ஆகிய அனைத்தையும் நிலையாக அழிக்கும். அழித்தவற்றை மீட்க இயலாது. திட்டம் நிறைவுற்றது என்றோ, பட்டியலில் தெரிய வேண்டா என்றோ பயனர் கூறினால் இதனைப் பயன்படுத்தற்க. காப்பகத்தில் வைக்கும் கருவியைப் பயன்படுத்துக. குறிப்பிட்ட ஒரு திட்டத்தை அழிக்குமாறு பயனர் வெளிப்படையாகக் கூறியிருந்தால் மட்டுமே இதனை இயக்குக. பெயரைக் கொண்டு அடையாள எண்ணை ஊகித்தல் கூடாது, முதலில் தேடுக, ஒன்றுக்கு மேற்பட்டவை கிடைப்பின் பயனரை வினவுக. இயக்குமுன், திட்டத்தின் பெயரையும் அதிலுள்ள பணிகளின் எண்ணிக்கையையும் காட்டி இசைவு பெறுக.’

இக்குறிப்பு நீண்டதாகத் தோன்றலாம். ஆனால் இதில் வீண் சொல் ஒன்றும் இல்லை. ‘அனைத்தையும்’ என்று மட்டும் எழுதாமல், நேரக் குறிப்பு வரை எண்ணிக் கூறியதால், மரத்தின் இலைகளும் முகவருக்குத் தெரிகின்றன. ‘மீட்க இயலாது’ என்பது அச்சு இடையில் நில்லாது என்பதைத் தெரிவிக்கின்றது. இக்குறிப்பில் மிகச் சிறந்த பகுதி, எப்பொழுது பயன்படுத்தலாகாது என்று கூறி, அதற்கு மாறாக எதனைப் பயன்படுத்த வேண்டும் என்றும் காட்டிய பகுதியே. ‘செய்யாதே’ என்று மட்டும் கேட்ட ஏவலாளன் திகைத்து நிற்பான். ‘இதைச் செய்யாதே, அதைச் செய்’ என்று கேட்டவன் வழியறிந்து நடப்பான்.

அடையாள எண் பற்றிய வாக்கியத்திற்கும் காரணம் உண்டு. ஒரே பட்டறை, ஓர் ஆலைக்கு முதலாண்டில் ஒரு வேலையும் அடுத்த ஆண்டில் மற்றொரு வேலையும் செய்யும். இரண்டிற்கும் ‘ஆவடி வேலை’ என்றே பெயர் அமைந்துவிடும். ஒன்று முடிந்தது; மற்றொன்று பாதியில் நிற்பது. பெயரைக் கேட்ட அளவில் கையை வைத்தால் எது விழும் என்று யார் சொல்ல இயலும்?

கருவி திருப்பித் தரும் விடையும் குறிப்பின் ஒரு பகுதியே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அழித்த பின் வெற்று விடையைத் தரும் மென்பொருள்கள் உண்டு. மனிதன் திரையைப் பார்த்து ‘போயிற்று’ என்று அறிவான். முகவரோ, வேலை நடந்ததோ இல்லையோ என்று ஐயுற்று, மீண்டும் இயக்கக்கூடும். இரண்டாம் முறை ‘அவ்வாறான திட்டம் இல்லை’ என்று விடை வரும். அது கேட்டு, எண் தவறியதோ என்று கருதி வேறோர் எண்ணைத் தொட்டால் கேடு இரட்டிக்கும். ஆதலால், ‘இன்ன பெயருடைய திட்டமும் அதன் 140 பணிகளும் அழிக்கப்பட்டன’ என்று வெற்றியையும், ‘இவ்வெண்ணில் திட்டம் இல்லை, முன்னரே அழிக்கப்பட்டிருக்கலாம், வேறு எண்ணை முயலற்க’ என்று தோல்வியையும் கருவி தெளிவாக உரைத்தல் வேண்டும்.

அழித்தல் என்பதே அழியாத வகையில் நிகழ்தல் கூடாதோ என்ற கேள்வி இங்கு எழும். கூடும். அதற்குரிய மரபு பத்திரம் எழுதுவோரிடம் நெடுங்காலமாக உள்ளது. பூவிருந்தவல்லிச் சார்பதிவாளர் அலுவலகம் போன்ற இடங்களுக்குச் செல்லும் பத்திரங்களில், பிழைபட்ட சொல்லைச் சுரண்டி எடுப்பதில்லை. அதன் குறுக்கே ஒரு கோடிட்டு, அருகில் சரியான சொல்லை எழுதி, எழுதிக் கொடுப்பவர் கையொப்பமிடுவார். கோட்டின் கீழே பழைய சொல் படிக்கும்படியாகவே நிற்கும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, கையொப்பமோ சுருக்கொப்பமோ பெறாத அடித்தல் திருத்தல்களையுடைய பத்திரத்தைப் பதிய மறுக்கும் உரிமையைப் பதிவாளருக்கு அளிக்கின்றது. யார் அடித்தார் என்பது தெரிய வேண்டும்; எதை அடித்தார் என்பதும் தெரிய வேண்டும்.

மென்பொருளில் இதற்கு ஒப்பானது குப்பைத்தொட்டி முறை. ஆஸ்திரேலியாவில் தோன்றிய அட்லாசியன் நிறுவனத்தின் ‘ஜிரா’ மென்பொருளில், தொட்டிக்கு அனுப்பிய திட்டம் 60 நாள் அங்கே கிடக்கும். அதற்குள் வேண்டுமாயின் மீட்கலாம். இவ்வாறு மீட்கும் வசதி உள்ள இடத்தில், எத்தனை நாள், யார் மீட்கலாம் என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும். ‘மீட்கலாம்’ என்று பொதுவாக எழுதினால் முகவர் அச்சமின்றி அழிக்கும். 61ஆம் நாள் தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவர்.

நல்ல குறிப்பை எழுதிவிட்டால் கவலை தீர்ந்ததோ எனின், இல்லை. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிகழ்ந்த ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. அமெரிக்காவில் ஜேசன் லெம்கின் என்னும் முதலீட்டாளர், ரெப்லிட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு முகவரைக் கொண்டு மென்பொருள் ஒன்றை ஆக்கிவந்தார். எந்த மாற்றமும் செய்யலாகாது என்று அவர் கட்டளையிட்டிருந்த வேளையில், அம்முகவர் உண்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. 1,200க்கு மேற்பட்ட நிருவாகிகளைப் பற்றிய குறிப்புகள் அதில் இருந்தன. மேலும், இழந்ததை மீட்க வழியில்லை என்றும் அது அவருக்குக் கூறியது. அவரே முயன்றபொழுது மீட்க முடிந்தது! அழித்ததும் தவறு, அழிவைப் பற்றிக் கூறியதும் தவறு. அந்நிறுவனத்தின் தலைவர் அம்ஜத் மசாத், நடந்தது ஏற்கத்தக்கதன்று என்று வெளிப்படையாகக் கூறி, சோதனைத் தரவுத்தளத்தையும் உண்மைத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். கட்டளையை இன்னும் உரக்கச் சொல்வது அவர் கண்ட மருந்தன்று; முகவரின் கைக்கு எட்டாதவாறு சுவர் எழுப்புவதே மருந்தாயிற்று.

முன்னர்க் கூறிய பொது நெறியிலும் இவ்வுணர்வு காணப்படுகின்றது. 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திருத்தத்தில், ஒரு கருவி அழிக்கும் தன்மையுடையதா என்பதைத் தெரிவிக்கும் அடையாளம் ஒன்று சேர்க்கப்பட்டது. எதுவும் கூறாவிடின், படிப்பதோடு அமையாத கருவி அழிக்கக்கூடியதே என்று கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் அவ்வடையாளம் வெறும் சைகையே என்றும், நம்பத்தகாதவர் அளித்த கருவியில் அதனை நம்பிவிடுதல் கூடாது என்றும் அந்நெறியே எச்சரிக்கின்றது. சுவரில் எழுதிய ‘கை பத்திரம்’ போன்றதே அதுவும்.

ஆகவே குறிப்புக்கு வெளியே காப்புவேலி வேண்டும். முகவருக்கு அளிக்கும் அனுமதிச்சீட்டில் அழிக்கும் உரிமையையே சேர்க்காமல் விடுவது ஒரு வேலி. முகவர் வேண்டுகோளை மட்டும் எழுப்ப, மனிதர் ஒருவர் வேறு திரையில் ஒப்பம் அளித்த பின்னரே கருவி இயங்குமாறு அமைப்பது மற்றொரு வேலி. இதுவே இரு கை விசை. ஒரு கை முகவருடையது, மறு கை மனிதருடையது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கூலி உருப்படிக் கணக்கில் தரப்படும் பட்டறைகளில், விரைவை விரும்பும் தொழிலாளர் சிலர், இரண்டு விசைகளுள் ஒன்றை ஆப்பு வைத்து நிலையாக அழுத்தி விட்டு, மற்றொன்றை மட்டும் அழுத்தி வேலை செய்யத் துணிவதுண்டு. அவர்களைக் குறை கூறுவது எளிது. நாளொன்றுக்கு ஆயிரம் முறை இரு கையையும் நீட்டிப் பார்த்தவர்கள் குறை கூற மாட்டார்கள். அதனாலேயே, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு விசைகளையும் விட்டுவிட்டு மீண்டும் அழுத்தினாலன்றி இயங்காத பொறிகள் பின்னர் ஆக்கப்பட்டன. திரையிலும் இவ்வாறே நிகழும். பணியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் ‘இசைவா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால், முதலாளி படித்துப் பாராமலே ‘ஆம்’ என்று அழுத்தப் பழகிவிடுவார். திட்டம் அழியும் நாளிலும் அவ்வாறே அழுத்துவார். ஆதலால் மீளக்கூடிய செயல்களைக் கேட்காமலே செய்யவிட்டு, மீளாச் செயலுக்கு மட்டும் இசைவு கேட்பதும், அப்பொழுது அழியப்போகும் திட்டத்தின் பெயரை அவரே தட்டச்சிடுமாறு செய்வதும் நலம் பயக்கும்.

குறிப்பை எழுதியவர் அதனைச் சோதித்துப் பார்க்கும் முறையும் உண்டு. எவருக்கும் இழப்பு நேராத போலித் திட்டங்கள் சிலவற்றை ஆக்கி, அவற்றுள் இரண்டிற்கு ஒரே பெயரை இட்டு, முகவரிடம் பலவகையாகப் பேசிப் பார்ப்பர். ‘ஆவடி வேலையை முடித்துவிடு’ என்பர். ‘பழையதைத் தூக்கிவிடு’ என்பர். ‘இது இனி வேண்டா’ என்பர். முகவர் எக்கருவியை எடுக்கின்றது என்பதை ஒவ்வொரு முறையும் பதிந்துகொள்வர். தவறான கருவியை எடுத்தால், குறிப்பில் ஒரு சொல்லை மாற்றி மீண்டும் கேட்பர். ‘ஆவடி வேலை என்னும் பெயரில் இரண்டு திட்டங்கள் உள்ளன, ஒன்றில் 140 பணிகள் நிறைவுற்றுள்ளன, மற்றொன்றில் 36 பணிகள் நடைபெறுகின்றன, எதனைக் கருதுகின்றீர்கள்? காப்பகத்தில் வைக்கலாமா?’ என்று அது திருப்பிக் கேட்கும் வரை இச்சோதனை தொடரும்.